வேஷமும் விரதமும்

நெட்ஹேக் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு தொடங்கும்போதே ஒரு கேள்வி கேட்கிறது: உன் தொழில், உன் குலம், நீ ஆணா பெண்ணா, உன் நெறி எது, இவற்றையெல்லாம் நானே தேர்ந்துவிடட்டுமா? ஆம் என்பதற்கான எழுத்தைத் தட்டினால் ஏதோ ஒரு பிறவியைக் கையில் கொடுத்து உள்ளே தள்ளிவிடும். இல்லை என்றால் பட்டியலை நீட்டும். பாத்திரப் படைப்பு என்ற பெயரில் தமிழில் ஐம்பது அறுபது வருஷங்களாக நாம் பேசிவந்திருப்பதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலைத் தாண்டவில்லை என்பது என் அபிப்பிராயம். விளையாட்டோ பட்டியலைத் தாண்டி ஒரு இடத்துக்குப் போகிறது. எதுவரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பதுதான் இங்கு என் நோக்கம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இலக்கியப் பத்திரிகையில் என்ன இடம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பரமபதத்தைப் பற்றி எழுதினால் அவர்களே பண்பாட்டு ஆய்வு என்று தலையாட்டுவார்கள். பரமபதத்தில் ஏணி நல்வினை, பாம்பு தீவினை. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் காரியம். ஆடுகிறவன் யார் என்பது அந்தக் கட்டங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நெட்ஹேக்கில் அது பொருட்டு. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஆடாதவர்களுக்காகச் சில விவரங்கள். இதில் படம் கிடையாது. 24 வரியும் 80 பத்தியும் கொண்ட திரையில் கோடுகளும் புள்ளிகளும் எழுத்துக்களும்தான் உலகம். புள்ளி என்றால் தரை. ஈமெயில் முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழிதான் ஆடுகிறவன். ஆங்கிலச் சிறிய ‘டி’ நாய், பெரிய ‘டி’ டிராகன். ஐம்பது தளங்களை ஒட்டிய நிலவறைக்குள் இறங்கி, யெண்டரின் தாயத்து என்ற ஒன்றைக் கைப்பற்றி, திரும்ப மேலேறி, தன் தெய்வத்தின் பலிபீடத்தில் அதைச் சமர்ப்பிக்க வேண்டும். செத்தால் செத்ததுதான். நிறுத்திவைத்து மறுநாள் தொடரலாம். ஆனால் தொடர்ந்த உடனே சேமித்த பிரதி அழிந்துவிடும். பழைய இடத்துக்குப் போய் வேறு வழி பார்க்கலாம் என்ற சலுகை இல்லை.

இதற்கு ஒரு பரம்பரை உண்டு. 1980ஐ ஒட்டி கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ரோக் என்ற விளையாட்டைச் செய்தார்கள்; கென் ஆர்னால்ட் பிறகு சேர்ந்துகொண்டார். அதில் தேர்வே இல்லை. எல்லோரும் ஒரே ஆள்தான். 1982இல் ஜே ஃபென்லாசன் என்ற பள்ளி மாணவர் அதைப் பார்த்து ஹேக் என்று ஒன்றை எழுதினார். 1984இல் ஆண்ட்ரீஸ் ப்ரௌவர் என்ற டச்சுக் கணிதவியலாளர் அதை விரிவாக்கினார். 1987இல் மைக் ஸ்டீஃபன்சனின் கையில் அது நெட்ஹேக் ஆயிற்று. அதன் பிறகு ஒரு சிறு குழு, காசு வாங்காமல், தங்களுக்குத் தோன்றியபோது பதிப்பைக் கொண்டுவருகிறது. 3.4.3 என்ற பதிப்பு 2003இல் வந்தது, அதற்கடுத்தது 2015இல். நம் சிறுபத்திரிகைகள் நடக்கிற லட்சணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கால இடைவெளி அந்நியமாகத் தோன்றாது.

இனி பட்டியல். தொழில்கள் 13: தொல்பொருள் ஆய்வாளன், காட்டுமிராண்டி, குகைவாசி, வைத்தியன், நைட், துறவி, பூசாரி, திருடன், வனவீரன், சாமுராய், சுற்றுலாப் பயணி, வால்கிரி என்னும் போர்க்கன்னி, மந்திரவாதி. குலங்கள் 5: மனிதர், எல்ஃப், குள்ளர், நோம், ஓர்க். நெறிகள் 3: ஒழுங்கு, நடு, குலைவு. பெருக்கிப் பார்த்தால் இருநூறுக்குப் பக்கத்தில் வரவேண்டிய பிறவிகள் வருவதில்லை. பட்டியலுக்குள் ஒரு விலக்கு அட்டவணை இருக்கிறது. மனிதன் பதின்மூன்றும் ஆகலாம். ஓர்க் பூசாரி ஆக முடியாது. குள்ளன் மந்திரவாதி ஆக முடியாது. சாமுராய், நைட், துறவி, சுற்றுலாப் பயணி ஆகியவை மனிதருக்கு மட்டும். நெறியும் இப்படியே. குள்ளன் உள்ளே நுழையும்போதே ஒழுங்கின் பக்கம் நிற்கிறான், எல்ஃபும் ஓர்க்கும் குலைவின் பக்கம், நோம் நடுவில். 1999 டிசம்பரில் வந்த 3.3.0 பதிப்புவரை குலம் என்று ஒரு தனிப் பத்தியே கிடையாது. எல்ஃப் என்பதும் ஒரு தொழில்தான்; பூசாரி, மந்திரவாதியோடு ஒரே வரிசையில் இருந்தது. அந்தப் பதிப்பில் குலம் வேறு, தொழில் வேறு என்று பிரித்தார்கள். பிரித்த கையோடு எந்தக் குலத்துக்கு எந்தத் தொழில் ஆகும், எது ஆகாது என்றும் எழுதி வைத்தார்கள்.

ஜேடர்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த அட்டவணையை வெறும் வேடிக்கையாக என்னால் வாசிக்க முடியவில்லை. புது ஆளிடம் எங்கள் பக்கத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘எந்த ஊருங்க?’ அடுத்தது, ‘அங்க யாரு வளவுங்க?’ பெரும்பாலும் மூன்றாவது தேவைப்படாது. தேவைப்பட்டால், ‘என்ன கூட்டமுங்க?’ மரியாதைக்குக் கொஞ்சமும் குறைவில்லாத அந்த ‘ங்க’வுக்குள் அட்டவணை முழுவதும் அடங்கியிருக்கிறது. யார் வீட்டுத் திண்ணை வரை, யார் வீட்டு ஆசாரம் வரை என்பதெல்லாம் அந்த இரண்டு மூன்று கேள்விகளில் தீர்ந்துவிடுகிறது. நெட்ஹேக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். அது பிறப்பதற்கு முன்னால் கேட்கிறது.

இந்த அட்டவணையின் மூலம் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டில் இருக்கிறது. அதன் 2024ஆம் ஆண்டு விதிநூலில் ‘இனம்’ என்று பொருள்படும் சொல்லை நீக்கிவிட்டு, உயிர்வகையைக் குறிக்கும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். சொல்லை மாற்றுவதில் நமக்கு அவர்களைவிட நீண்ட அனுபவம் இருக்கிறது. அதனால் இதற்குமேல் எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

அட்டவணையோடு நின்றிருந்தால் இந்த விளையாட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உள்ளே போன பிறகுதான் விஷயம். நிலவறையில் ஆங்காங்கே கல்லறைகள் தென்படும். தோண்டினால் பொருள் கிடைக்கலாம், பிணமும் எழலாம். தொல்பொருள் ஆய்வாளனை வைத்து ஒன்றைத் தோண்டினேன். நீ கேடுகெட்ட கல்லறைத் திருடன் என்று உன் மனசே உன்னைச் சொல்கிறது என்ற பொருளில் ஒரு வரி வந்தது. வேறொரு ஆட்டத்தில் சாமுராயை வைத்துத் தோண்டியபோது, மதிப்புக்குரிய இறந்தவர்களைத் தொந்தரவு செய்கிறாய் என்றது. ஒழுங்கின் பக்கமுள்ள வால்கிரிக்கு, கல்லறையின் புனிதத்தைக் கெடுத்துவிட்டதாக ஒரு பொதுவான கண்டனம். ஓர்க் குலத்துத் திருடன் தோண்டினான். ஒரு வசவும் இல்லை. அதே கடப்பாறை வேலை, அதே மண். உலகம் நான்கு விதமாகப் பதில் சொல்கிறது.

கடைக்காரனிடமும் இதைப் பார்க்கலாம். அனுபவம் போதாத சுற்றுலாப் பயணிக்கு மூன்றில் ஒரு பங்கு விலை கூட்டித்தான் சொல்வான். பூப்போட்ட ஹவாய்ச் சட்டையும் கழுத்தில் காமிராவுமாக வந்து நிற்கிறவனை எந்த ஊர்க் கடைக்காரனும் அப்படித்தான் நடத்துவான். சுரங்கப் பகுதி ஒன்று உண்டு, நோம்களும் குள்ளர்களும் வசிப்பது. மனிதன் இறங்கினால் கூட்டமாக வந்து வெட்டுவார்கள். குள்ளன் இறங்கினால் பெரும்பாலோர் ஒதுங்கி வழி விடுவார்கள். தங்கள் ஆள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓடுகிற எதிரியை முதுகில் வெட்டினால் நைட்டுக்கு மட்டும் இழிவு. தன் குலத்துப் பிணத்தைத் தின்பது எல்லோருக்கும் பாவம். ஓர்க்குக்கும் குகைவாசிக்கும் பாவமில்லை.

பாத்திரத்தைப் பற்றி இங்கே வர்ணனை ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் கண்கள் எப்படி இருந்தன, மனசு எப்படிக் குமைந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. அவன் ஒரு காரியம் செய்கிறான், உலகம் அவனுக்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறது. பதில்கள் சேரச் சேர ஆள் உருவாகிறான். பக்கம் பக்கமாக மனவோட்டம் எழுதி முடித்த பிறகும் ஆள் எழுந்து நிற்காத நாவல்களை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவற்றில் பாத்திரம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல உலகம் இல்லை.

நம்முடைய வட்டார நாவல்களின் வியாதி இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே உலகம் ஏராளம். விசைத்தறிக்காரர், லாரிக்குப் பாடி கட்டுகிறவர், ரிக் வண்டியோடு வடக்கே போனவர், கோழிப்பண்ணை முதலாளி, கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவர், வேலூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர் என்று நாமக்கல் பக்கத்துத் தொழில்கள் அத்தனையும் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருவருக்கும் குலம் உண்டு, குலதெய்வம் உண்டு, பேச்சு வழக்கு உண்டு, சாப்பாட்டு வகை உண்டு. விமர்சகர் பூரித்துப்போய் உயிருள்ள பாத்திரங்கள் என்று எழுதிவிடுகிறார். நெட்ஹேக்கின் பாஷையில் சொன்னால், முதல் திரையில் பட்டியலை நிரப்பிவிட்டு ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போவதற்கு இது சமம். வேஷம் கட்டியாயிற்று, கூத்து நடக்கவில்லை.

1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ இதற்கு விதிவிலக்காக இன்றும் நிற்கிறது. கொங்கு வழக்கைக் கொண்டுவந்தது என்று மட்டுமே அதைப் புகழ்கிறவர்கள் பட்டியலைப் புகழ்கிறார்கள். நாகம்மாளுக்குப் பட்டியல் கொடுத்த வேஷம் விதவை. கொழுந்தன் வீட்டில் பெண் குழந்தையோடு ஒதுங்கி இருக்கவேண்டியவள். அவள் பங்கு கேட்கிறாள். கேட்பதை விடமாட்டேன் என்கிறாள். வேஷம் அவளுக்கு விதித்ததை அவள் செய்யாமல் இருப்பதுதான் அவள். கடைசியில் கொழுந்தன் சின்னப்பன் கொலையாகிறவரை உலகம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறது.

நெட்ஹேக்கில் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும், அதாவது பெரும்பாலும் செத்ததும், இன்னொரு பட்டியலைக் காட்டுகிறது. தொடக்கத்தில் யாரும் இதைப் பற்றிச் சொல்வதில்லை. நீ உயிரோடிருந்தவரை எதையெல்லாம் செய்யாமல் இருந்தாய் என்ற கணக்கு அது. மாமிசம் தின்னவில்லை. முட்டையைக்கூடத் தொடவில்லை. ஆயுதத்தால் அடிக்கவில்லை. தன் கையால் எதையும் கொல்லவில்லை. தெய்வத்தை வேண்டவில்லை. ஒரு எழுத்தும் படிக்கவில்லை, எழுதவில்லை. வரம் கேட்கவில்லை. இவற்றுக்குப் பரிசு கிடையாது, புள்ளிகள் கூடாது, வழி சுலபமாகாது. உண்மையில் கஷ்டம்தான் கூடும். பசியில் விழப்போகிறவன் தெய்வத்தை வேண்டினால் வயிறு நிறையும், வேண்டாதவன் சாவான். விரதம் என்ற சொல் இதற்குப் பொருந்தும். ஒருவன் தானே எடுத்துக்கொண்டு, தன்னைத் தவிர யாரும் கேட்காதபோதும் காத்துக்கொள்வது.

ஆக, இரண்டு பட்டியல்கள். முதலாவது வாசலில் கொடுக்கப்படுவது, வேஷம். இரண்டாவது வெளியேறும்போது படிக்கப்படுவது, விரதம். முதல் பட்டியலில் ஓர்க்குக்குப் பூசாரி வேலை கிடையாது. இரண்டாவதில் எந்தக் குலத்துக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. கொல்லாமல் ஐம்பது தளம் இறங்கி ஏறிய ஓர்க்கைப் பற்றியும், அதே கொல்லாமையைக் காத்த சாமுராயைப் பற்றியும் ஒரே வாக்கியம்தான் எழுதப்படும். முதல் பட்டியலை எழுதிய கைகளே இரண்டாவதையும் எழுதின. அந்தக் கைகளுக்கு இந்த முரண்பாடு தெரிந்ததா என்பது முக்கியமில்லை. பாத்திரம் இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது என்பது ஆடுகிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

செத்தவனுக்குத் திரையில் ஒரு கல்லும் வரைந்து காட்டுகிறார்கள். பெயர், சேர்த்த பொன், எதனால் செத்தான், எந்த வருஷம். ரோக்கிலிருந்து வந்த வழக்கம் இது. பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தர்மபுரிப் பக்கமும், அதைத் தாண்டிச் செங்கம் பக்கமும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாசகத்தின் சிக்கனம் பழகியது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த மாடுபிடிச் சண்டையில் பட்டான். குணவர்ணனை கிடையாது. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரையும் அது கள்ளரைக் கடித்ததையும் பொறித்திருக்கிறார்கள். நெட்ஹேக்கிலும் நாயோ பூனையோ கூடவே இறங்கி வரும். சாமுராயின் நாய்க்கு ஹாச்சி என்று பெயர். இறந்தவன் விழுந்த தளத்தை விளையாட்டு சில சமயம் அப்படியே வைத்துக்கொள்ளும். அதே கம்ப்யூட்டரில் பிறகு ஆடுகிறவன் அந்த இடத்துக்கு வரும்போது முன்னவனின் ஆவியும், பெரும்பாலும் சாபம் ஏறிய அவன் பொருள்களும் காத்திருக்கும். நடுகல்லுக்குப் படையல் வைத்த சமூகத்துக்கு இது புதிய சிந்தனை இல்லை.

இவ்வளவு தூரம் வந்த விளையாட்டு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டாவது பட்டியலில் ஒரு எழுத்தும் படிக்கவில்லை என்பதும் சாதனை. உண்ணவே இல்லை என்பதும் சாதனை. படிக்கத் தெரிந்தவன், கையில் சுவடியை வைத்துக்கொண்டு, படிக்க மாட்டேன் என்கிறான். அது விரதம். எங்கள் ஊரில் பண்ணயத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள் படிக்காமல் போனதற்கு அந்தப் பெயர் கிடையாது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000இல் வந்தது. கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவன் கூளையனை நெட்ஹேக்கின் கணக்கன் பார்த்தால், எழுதவில்லை, படிக்கவில்லை என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வான். விலகி இருப்பதற்கும் விலக்கி வைக்கப்படுவதற்கும் அந்தக் கணக்கில் ஒரே வரிதான். விளையாட்டில் இது பிழை ஆகாது. அங்கே ஓர்க்காகப் பிறந்து அலுத்தவன் ஆட்டத்தை விட்டு எழுந்து, மறுபடி தொடங்கி, மனிதனாகலாம். எழுந்துபோக முடிகிற இடத்தில் எல்லாமே விரதம்தான்.

எழுந்துபோக முடியாத இடத்தில் நாவலாசிரியன் வேலை தொடங்குகிறது. ஒருவன் மாமிசம் தின்னவில்லை என்றால், தின்னக் கிடைத்துத் தின்னவில்லையா, கிடைக்கவே இல்லையா என்று கேட்க அவனால் முடியும். கோயிலுக்குள் போகவில்லை என்றால், போக மனமில்லையா, விடவில்லையா என்று கேட்கலாம். விடாத கோயிலுக்கு, விட்ட பிறகும் போகமாட்டேன் என்று ஒருவன் நிற்பான். மறுக்கப்பட்டதையே தன் விரதமாக எடுத்துக்கொள்ளும் அந்த இடம் இரண்டு பட்டியல்களிலும் இல்லை. நாகம்மாளிடத்தில் ஒரு கீற்று தெரிகிறது. கூளையனிடத்தில் அது கருகிப்போவது தெரிகிறது. இந்தக் கேள்வியோடு எழுதப்பட்ட பாத்திரங்களைத் தமிழில் எண்ண ஒரு கை போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நம்மில் எழுதுகிறவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது இவ்வளவே. அடுத்த கதையில் ஆளை அறிமுகம் செய்யும்போது ஊர், வளவு, தொழில், வழக்கு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்; அவை பொய்யில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் அவன் எதைச் செய்யாமல் இருந்தான் என்று ஒரு கணக்கு எடுத்தால் அதில் எழுத உங்களிடம் ஒரு வரியாவது இருக்கிறதா? அந்த வரிக்குப் பக்கத்தில், அவனாகவா, அவனை விடாமலா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா? இல்லையென்றால், நானே தேர்ந்துவிடட்டுமா என்று இயந்திரம் கேட்டபோது ஆம் என்று தட்டியவர்களாகத்தான் நாம் இருப்போம்.